வாடாத தடம்

கண்ணாடிக்காரர் யாருடைய மூக்குக்கண்ணாடிக்கோ திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். மாமனார் கடைக்குள் வந்து, கையில் கொண்டுவந்த மக்காச்சோள இலையை மேசைமேல் வைத்தார். இலை சுருட்டுப் போலச் சுருண்டிருந்தது. ஓரம் முழுக்கத் தீய்ந்து பழுப்பாகியிருந்தது.

"பாருங்க மாப்பிள்ளை. இதுக்கு எந்தப் பவர்ல கண்ணாடி போட்டாலும் இனிமே பச்சையாத் தெரியாது."

"உக்காருங்க மாமா. வெயில்ல வந்திருக்கீங்க."

"உக்கார வரல. நெட்டை நாளன்னிக்கு வெட்டு மெஷினோட வர்றேன்னு சொல்லிட்டான். அதுக்கப்புறம் வேற பக்கம் போயிடுவானாம், கூப்பிட்டாலும் கிடைக்க மாட்டான். முழு வயலையும் வெட்டிக் குழியில போட்டு மூடிட்டா மாட்டுக்குத் தீவனமாவாவது ஆகும். இன்னும் விட்டா தட்டை காஞ்சுடும். காஞ்சதைக் குழியில போட்டா பூஞ்சைதான் புடிக்கும்."

"முழு வயலுமா?"

மாமனார் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டார். "முழு வயலுந்தான்."

அந்த வயலில் பாதி மகளுடையது. பத்திரத்தில் அப்படி எதுவும் கிடையாது. சண்டையில் பிரிந்த பாதி அது. கண்ணாடிக்காரரின் மனைவி மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். ஊரார் வயல் மண்ணையெல்லாம் சோதித்துச் சொன்னவள், இந்த முறை விதைப்புக்கு முன்னால் அப்பா வயலின் மண்ணையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போனாள். பொட்டாஷ் என்கிற சாம்பல் சத்து அடிமட்டத்தில் கிடந்தது. பொட்டாஷ் போடாமல் விதைக்க வேண்டாம் என்றாள். மாமனாருக்கு உரம் என்றால் யூரியா. போட்ட வாரமே பயிர் கறுகறுவென்று ஏறும், பார்க்கிறவன் கண் கூசும். பொட்டாஷோ, போட்டாலும் தெரியாது, போடாவிட்டாலும் தெரியாது.

"கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கு நான் ஏன் உர வண்டி தள்ளணும்?" என்றார் அவர்.

"உங்க கண்ணுக்குத் தெரியலன்னா அதுக்குத்தான் ஒருத்தரை மாப்பிள்ளையாப் புடிச்சுக் குடுத்திருக்கேனே," என்றாள் அவள்.

மூன்று வேளையும் சாப்பாட்டில் அதே பேச்சு. கடைசியில் அப்பாவும் மகளும் வயலின் நடுவே ஒரு கயிற்றைக் கட்டிப் பிரித்துக்கொண்டார்கள். மேல்பாதிக்கு அவர் இஷ்டப்படி நிறைய யூரியா. கீழ்ப்பாதிக்கு அவள் சொன்னபடி பொட்டாஷும், அளவாகக் கொஞ்சம் யூரியாவும். அவளுக்கு அப்போதே உடம்பு முடியவில்லை. உரம் தூவும் வண்டியைத் தள்ளியது கண்ணாடிக்காரர்தான். லென்சுக்கு விளிம்பு தேய்க்கத் தெரிந்த கைக்கு அந்த வண்டி ஒரு முரட்டு மாடு.

பயிர் கணுக்கால் உயரம் வந்தபோது அவள் போய்விட்டாள்.

அதன்பிறகு அவருக்கு வயல் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது. மேல்பாதி ஆள் மறைய எழும்பிக் கறுத்து நின்றது. கீழ்ப்பாதி ஒரு சாண் குட்டையாக, நிறம் வெளுத்து நின்றது. வழியில் போகிறவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள். சொல்லியிருந்தால்கூடத் தேவலை. தன் மனைவி பரீட்சையில் தோற்றுவிட்டதாகவும், மறுபடி எழுத அவளுக்கு வழியில்லாமல் போய்விட்டதாகவும் அவருக்குத் தோன்றும்.

பிறகு மழை நின்றது. நின்றது நின்றதுதான். கிணற்றில் வாளி இறக்கினால் சேறு வந்தது. இருந்த தண்ணீர் மாட்டுக்கும் மனிதருக்குமே சரியாயிருந்தது.

இப்போது முழு வயலையும் வெட்டப் போகிறார்கள். அவள் கடைசியாகச் செய்த வேலை அந்தக் கீழ்ப்பாதி. அது கதிர் பிடித்து முற்றும்வரை நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் கண்ணாடிக்காரரின் ஆசை. ஆனால் அதற்காக மாட்டைப் பட்டினி போடுங்கள் என்று மாமனாரிடம் எந்த வாயால் கேட்பது? நிற்கவிட்டு, மழையும் வராமல், நின்ற பயிரும் காய்ந்துபோனால் தானியமும் இல்லை, தீவனமும் இல்லை. மாடுகளை விற்க வேண்டியதுதான்.

"நான் ஒருதடவை வந்து பாத்துடறேன் மாமா," என்றார்.

"வாங்க. நாளைக்கு மத்தியானம் நெட்டை மெஷினைக் கொண்டுவந்து ஓரமா நிறுத்தறானாம். அப்ப வந்தீங்கன்னா அவன்கிட்டயும் பேசிடலாம்."

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு மாமனாரோடு வயலுக்குப் போனார். உச்சி வெயில். வரப்பு செருப்பைத் தாண்டிச் சுட்டது. மேல்பாதி முதலில் வந்தது. அத்தனை கம்பீரமாக நின்ற பயிர் சாம்பல் நிறத்தில் தலை தொங்கிக் கிடந்தது. இலை ஒவ்வொன்றும் ஈர்க்குச்சியாகச் சுருண்டிருந்தது. உள்ளே காற்று நுழைந்தால் காகிதம் கசக்குகிற சத்தம் கேட்டது. அவர் மெதுவாகக் கீழ்ப்பாதிக்கு இறங்கினார்.

கீழ்ப்பாதி வாடியிருந்தது. ஆனால் நின்றுகொண்டிருந்தது. இலைகள் லேசாக உள்மடங்கியிருந்தனவே தவிர தொங்கவில்லை. ஓரம் தீயவில்லை. கதிரின் நுனியில் பட்டுநூல் அப்போதுதான் வெளியே வந்து ஈரமாகப் பளபளத்தது. அதே வெயில்தான், பல வாரமாய் மழை காணாத அதே மண்தான். குட்டையென்று தான் வெட்கப்பட்ட பயிரின் நடுவில் அவர் இலை இலையாகத் தொட்டுப் பார்த்தார்.

"மாமா, இது தாங்குது."

"தாங்கும். பள்ளம்ல்ல," என்றார் மாமனார். குரலில் குத்தல் இல்லை, களைப்புதான் இருந்தது. "எப்பவும் இந்தப் பக்கம் ஈரம் கொஞ்சம் கூட நிக்கும். அதுக்கும் உரத்துக்கும் சம்பந்தமில்ல மாப்பிள்ளை. எனக்கு மட்டும் வெட்டணும்னு ஆசையா? என் பொண்ணு போட்ட பயிரு. நாலு நாள் கழிச்சு இதுவும் மேல இருக்கறது மாதிரி ஆயிடும். அன்னிக்கு மாட்டு முகத்துல எப்படி முழிக்கறது?"

கண்ணாடிக்காரர் குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். பள்ளம் பள்ளம்தானே.

அப்போது நெட்டை வந்து சேர்ந்தான். அவன் உண்மையில் குள்ளம். அந்த ராட்சச மெஷினின் உச்சியில் உட்கார்ந்து ஓட்டுவதால் அந்தப் பெயர். வயலோரம் நிறுத்தி, இறங்காமல் மேலேயிருந்தே கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தான்.

"பெரியவரே, பயிருக்கு நடுவுல யாரு ரோடு போட்டது?"

"ரோடா? வெயில் உன் மண்டைக்கு ஏறிடுச்சு. இறங்கி வந்து தண்ணி குடி."

"நீங்க ஏறி வந்து பாருங்க. கீழ நின்னுட்டு என் மண்டையைக் குறை சொல்லாதீங்க."

இருவரும் ஏணிப்படியில் ஏறினார்கள். மேலே மூன்று பேருக்கு இடமில்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கீழே நின்றபோது பயிர் மறைத்ததெல்லாம் மேலேயிருந்து விரித்துப் போட்ட துணிபோலத் தெரிந்தது. சாம்பல் நிறமாய்க் கிடந்த மேல்பாதியின் குறுக்கே ஒரு பச்சைத் தடம் போயிற்று. ஒரு வண்டியின் அகலம்தான் இருக்கும். கயிறு கட்டியிருந்த எல்லையில் தொடங்கி, சாய்வாக மேட்டில் ஏறி, நடுவில் ஒருமுறை வளைந்து, வளைந்த இடத்தில் வட்டமாக அகன்று, மறுபடி குறுகி, மேட்டோரத்துக் கொட்டகையின் வாசலில் போய் முடிந்தது. அந்தத் தடத்தில் நின்ற பயிர் மட்டும் நிமிர்ந்து, இலை விரிந்து, கீழ்ப்பாதியைவிடவும் உயரமாக நின்றது. இரண்டு பக்கமும் செத்துக்கொண்டிருக்கிற பயிருக்கு நடுவே அது ஏதோ வேறு மழை குடித்ததுபோல நின்றது.

"வாய்க்கால் ஏதாவது பழசு இருக்குமோ?" என்றான் நெட்டை.

"இங்க வாய்க்கால் கிடையாது. மேடு இது," என்றார் மாமனார்.

கண்ணாடிக்காரர் அந்த வளைவையே பார்த்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அது அவரும் மனைவியும் நடந்துபோன வழி. கீழ்ப்பாதியை முடித்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பிய சாயங்காலம். பெட்டியில் கொஞ்சம் பொட்டாஷ் மிச்சமிருந்தது. வேலை முடிந்ததும் வண்டியின் அடிக்கதவை மூட வேண்டும் என்பது விவசாயம் செய்கிற வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவருக்குத் தெரியாது. அவள் கவனித்திருப்பாள், ஆனால் அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவழியில் முடியவில்லை என்றாள். அவர் வண்டியை வளைத்து நிறுத்தி, அதன் விளிம்பில் அவளை உட்காரவைத்தார். அவள் பாரத்தில் வண்டி ஆடி ஆடி, அந்த இடத்தில் மட்டும் நிறையக் கொட்டியிருக்க வேண்டும். கொட்டகைக்குப் போய்ப் பார்த்தால் பெட்டி காலி. "பாத்தீங்களா, அளவு எவ்ளோ கச்சிதமா முடிஞ்சிருக்கு," என்று அவள் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

இதையெல்லாம் அவர் அங்கேயே, மெஷின் உச்சியில் நின்றபடி, கோர்வையில்லாமல் சொன்னார்.  மாமனார் கொட்டகையிலிருந்து எல்லைவரை கண்ணால் ஒருமுறை நடந்தார். வளைவில் வந்ததும் பார்வை நின்றுவிட்டது.

"அங்கதான் உக்காந்தாளா?"

"ஆமா மாமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நடக்க முடியலன்னு சொல்லவே இல்ல அவ."

 நெட்டை தடத்தைக் காட்டிக் கேட்டான். "அப்ப கீழ நிக்கறதைவிட இந்தத் தடம் ஏன் உசரமா இருக்கு?"

"மாமா போட்ட யூரியாவும் அங்க இருக்கு, அவ பொட்டாஷும் இருக்கு," என்றார் கண்ணாடிக்காரர். "ரெண்டும் சேர்ந்த இடம் வயல்லயே அது ஒண்ணுதான்."

மாமனார் இறங்கும்போது படியில் ஒருகணம் நின்று, "பள்ளம் இல்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் தரைக்கு வந்ததும் பழைய கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. "இன்னிக்கு நிமிந்து நிக்குது, சரி. மழை எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? அதுவரைக்கும் பயிருக்குள்ள தண்ணி இருக்கணுமே. வெளிய பாத்தா எப்படித் தெரியும்?"

"பாக்கலாம் மாமா. ஒரு மணி நேரம் குடுங்க."

அவர் வீட்டுக்கு ஓடி, மனைவியின் அலமாரியிலிருந்து ஒரு நகப்பூச்சுக் குப்பியை எடுத்துவந்தார். நிறமில்லாத பூச்சு. நகத்துக்கு அவள் அதைப் போட்டு அவர் பார்த்ததே இல்லை. மேல்பாதியில் ஓர் இலை, கீழ்ப்பாதியில் ஒன்று, தடத்தில் ஒன்று. இலையின் அடிப்பக்கம் கட்டைவிரல் அகலத்துக்குப் பூசிவிட்டுக் காயட்டும் என்று காத்திருந்தார்.

"நகத்துக்குப் போடறதைப் பயிருக்குப் போடறாரே," என்றான் நெட்டை. "நாளைக்கு வெட்டப் போற பயிருக்குச் சிங்காரமா?"

"நீ சும்மா இருடா. அவர் கண்ணுலயே பொழைக்கறவர்," என்றார் மாமனார்.

காய்ந்த பூச்சின்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி உரித்தால், இலையின் தோல் அச்சு அப்படியே நாடாவில் வந்துவிடும். அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்து வீட்டுச் செடிகளில் இதைச் செய்து காட்டியிருக்கிறாள். மூன்று அச்சையும் எடுத்துக்கொண்டு மாமனாரும் மருமகனும் கடைக்கு வந்தார்கள். பள்ளிக்கூடம் ஒன்று லென்சில் படிந்த பூஞ்சையைத் துடைக்கச் சொல்லி அனுப்பிய நுண்ணோக்கி கடையில் இருந்தது. துடைத்து முடித்து அது தயாராகத்தான் இருந்தது.

முதலில் மேல்பாதி இலை. வரிசை வரிசையாய்த் தையல் போட்டதுபோல, இலை மூச்சு விடும் வாய்கள். ஒவ்வொரு வாய்க்கும் நீளமான இரண்டு உதடுகள். அந்த உச்சி வெயிலில், ஒரு சொட்டுத் தண்ணீரும் பொன்னான நேரத்தில், சில வாய் பாதி திறந்து கிடந்தது, சில வாய் கோணலாக நின்றது. மூட நினைத்து மூட முடியாமல் போனதுபோல. தூங்கும்போது வாய் பிளந்துகொள்ளும் நோயாளியின் முகம் அவருக்கு நினைவு வந்தது.

நாடாவை மாற்றினார். அவள் பாதியின் இலை. அத்தனை வாயும் இறுக மூடியிருந்தது. வரிசை முழுக்க, கண்ணுக்கு எட்டியவரை, நூல் பிடித்ததுபோல ஒரே மாதிரி மெல்லிய கோடுகள். தடத்து இலையும் அப்படியே. அவர் நாடாவை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். ஒன்றாவது திறந்திருக்கிறதா என்று தேடினார். எங்கும் கோடுதான்.

தன் தொழிலில் அவர் எத்தனையோ கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தவர். வெளிச்சம் பட்டதும் கண்ணின் பாவை சுருங்குவது இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவருக்கு அலுத்ததில்லை. ஆனால் கண்ணுக்குப் பின்னால் நரம்பு இருக்கிறது, மூளை இருக்கிறது. இந்த இலைக்கு என்ன இருக்கிறது? வெயில் ஏறிவிட்டது, இனி மூடு என்று அதற்கு யார் சொல்கிறார்கள்? லட்சக்கணக்கான வாய்கள் ஒரே இலையில். அப்படி எத்தனை இலை ஒரு பயிரில். எத்தனை பயிர் அந்த வயலில். சத்தமில்லாமல் அத்தனையும் ஒன்றுபோல மூடிக்கொண்டு காத்திருக்கின்றன. 

"என்ன தெரியுது?" என்றார் மாமனார்.

"நீங்களே பாருங்க."

மாமனார் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்தார். கண்ணாடிக்காரர் பக்கத்தில் நின்று, மனைவி தனக்குச் சொன்னதைத் தன்னால் முடிந்தமட்டும் சொன்னார்.

"இந்த வாயைத் திறந்தாத்தான் பயிரு காத்தைச் சாப்பிட முடியும் மாமா. திறந்தா தண்ணியும் ஆவியாப் போயிடும். அதனால திறக்கவும் தெரியணும், மூடவும் தெரியணும். சாம்பல் சத்து அந்த உதட்டுக்குள்ள போனா, கூடவே தண்ணியும் போய் உதடு உப்பிக்கும், வாய் திறக்கும். சத்து வெளிய வந்தா தண்ணியும் வந்துடும், உதடு தளர்ந்து மூடிக்கும். ரெண்டுக்கும் அந்த ஒரே உப்புதான். அது பத்தலன்னா வாய் நேரத்துக்குத் திறக்காது, நேரத்துக்கு மூடவும் செய்யாது. நம்ம மேல்பாதி வறட்சியில காயல. இருந்த தண்ணியைப் புடிச்சு வெச்சுக்கத் தெரியாம காஞ்சுபோச்சு."

மாமனார் இரண்டு அச்சையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தலையைத் தூக்கியபோது கண் கலங்கியிருந்தது; இடுக்கிப் பார்த்ததாலும் இருக்கலாம்.

"இவ்ளோ வாயா?" என்றார். "நான் பொறந்ததுலேர்ந்து இதைத் தொட்டுக்கிட்டே இருக்கேன் மாப்பிள்ளை."

"மழை வரும்னு நான் சொல்லல மாமா. வராமயும் போகலாம். அது இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்னு மட்டும்தான் சொல்ல முடியும். மாடு உங்க மாடு."

மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்று முழுக்க அவர் என்ன முடிவெடுப்பார் என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியவில்லை. விடிந்ததும் வயலுக்குப் போனபோது நெட்டை மெஷினை உறுமவிட்டுக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தான். மாமனார் எல்லையில் நின்றார், கீழ்ப்பாதிக்கு முதுகு காட்டி.

"என் பாதியை வெட்டு. இந்தப் பக்கம் வராதே," என்றார்.

"நடுவுல அந்த ரோடு?"

"அதையும் விட்டுடு."

"பெரியவரே, அது வளைஞ்சு வளைஞ்சு போகுது. ரெண்டு பக்கமும் சுத்தி ஓட்டணும். டீசல் யாரு அப்பன் வீட்டுது?"

"அவ அப்பன் வீட்டுதுதான். வளைஞ்சே போ."

நெட்டை ஏதோ முணுமுணுத்தான். ஆனால் ஓட்டியது அத்தனை பதவிசாக ஓட்டினான். தடத்தை ஒட்டி வரும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து, கழுத்தை நீட்டிப் பார்த்து, ஓர் இலையையும் தொடாமல் திரும்பினான். மாமனார் மெஷினுக்கு முன்னால் நடந்து ஓரம் காட்டிக்கொண்டே போனார். வெயில் ஏறும்போது மேல்பாதி மொட்டையாகிவிட்டது. அந்த வெறுமண்ணின் குறுக்கே, இரண்டு பேர் கைகோத்து நடக்கிற அகலத்தில், ஒரு பச்சைத் தடம் மட்டும் நின்றது.

குழியில் விழுந்த தீவனம் மாடுகளுக்குப் போதாது. அது எல்லாருக்கும் தெரியும்.  மாமனார் தினமும் வானத்தைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் தினமும் கடை திறக்கும்முன்னும் மத்தியானமும் வயலுக்குப் போய் அச்சு எடுத்துவந்தார். விடியற்காலையில் வாய்கள் திறந்திருக்கும். பனி இருக்கிற கொஞ்ச நேரத்துக்குள் அவசர அவசரமாய்ச் சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும். மத்தியானம் எடுத்த அச்சில் எப்போதும் அதே கோடுகள். ஒவ்வொரு நாளும் காலையில் திறக்கிற நேரம் சுருங்கிக்கொண்டே வந்தது. கீழ் இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்தன. பயிர் கதிருக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுக்கொடுத்தது. அவர் அச்சைப் பார்த்துவிட்டு, "இன்னும் மூடுது மாமா," என்று சொல்வார். மாமனார் தலையாட்டுவார். அதுதான் அவர்களுக்குள் அந்த நாட்களின் பேச்சு.

கதிரின் பட்டுநூல் கறுத்து, மணி பால் பிடிக்கிற சமயத்தில் மழை வந்தது. ஊரையே அடித்துக்கொண்டு போகிற மழையல்ல. இரவில் தொடங்கி, நிதானமாக, மண் குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொடுத்த மழை. காலையில் வயலுக்குள் கால் வைக்க முடியவில்லை. மாமனார் முழங்கால்வரை சேற்றோடு தடத்துக்குள் போய் ஒரு கதிரை உரித்து, மணியை நகத்தால் கீறிப் பார்த்தார். பால் வந்தது. கதிர் நுனிவரை நிறைந்திருந்தது. வெளியே வந்து அதை மருமகன் கையில் கொடுத்தார்.

மத்தியானம் வெயில் சுள்ளென்று அடித்தது. பழக்கதோஷத்தில் கண்ணாடிக்காரர் பூச்சு தடவி அச்சு எடுத்தார். இருவரும் சேறு காயாத காலோடு கடைக்கு வந்தார்கள். அவர் பார்த்துவிட்டு எழுந்து நாற்காலியை மாமனாருக்கு விட்டார்.

மாமனார் குனிந்தார். வெகுநேரம் எழவில்லை. கடைக்கு வந்த ஓர் அம்மாள் தன் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறதென்று சொல்லிப் போனாள். மாமனாருக்கு முன் வைத்த டீ ஆடை கட்டியது. அவர் விரல் மட்டும் நாடாவை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"இவ்ளோ வெயில் அடிக்குது. எல்லாம் திறந்து வெச்சிருக்கு."

"வேருல தண்ணி இருக்குன்னு தெரிஞ்சிடுச்சு மாமா."

"சாப்பிடட்டும்," என்றார் மாமனார், கண்ணை எடுக்காமல்.